ஒற்றைச் செருப்பும் கடைசி டோக்கனும்

என் அத்தைக்கு உடை தைக்கும் கம்பெனியில் பட்டன் தைக்கிற வேலை. வார நடுவில் வரும் லீவு நாளில் மற்றவர்கள் காலை நீட்டிப் படுப்பார்கள். அத்தை மாற்றுத்திறனாளிகள் உதவித்தொகை அலுவலகத்தில் வரிசையை ஒழுங்குபடுத்தக் கிளம்பிவிடுவாள். அங்கே அவளுக்குச் சம்பளமும் கிடையாது, நாற்காலியும் கிடையாது. அதிகாரம் மட்டும் உண்டு.

வெயிலில் வரிசையில் நின்ற ஒருவர் மயங்கி விழுந்ததிலிருந்து அத்தை போட்ட சட்டம் இது: நிற்க முடியாதவர்கள் செருப்பை வரிசையில் விட்டுவிட்டு நிழலில் போய் உட்காரலாம். செருப்பு நின்றால் ஆள் நின்ற மாதிரி. எல்லோரும் கட்டுப்பட்டார்கள். எந்த அரசாணையும் அவ்வளவு சீக்கிரம் அமலுக்கு வந்து நான் பார்த்ததில்லை.

அன்று இலவசக் கருவிகளுக்கு மனுக் கொடுக்கக் கடைசி நாள். விட்டால் அடுத்த வருடம்தான். காது மந்தமான அப்பாவோடு நான் வரிசையின் வாலில் நின்றேன். அவருக்குக் காது மெஷின் வேண்டும். எங்களுக்கு முன்னால், கடைவீதியில் சாவி செய்கிறவரின் ஒற்றைச் செருப்பு கிடந்தது. ஒரு கால் இல்லாத மனிதர், மூன்றுசக்கர வண்டி கேட்டு வந்திருந்தார்.

அத்தை தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். புதுக் காவலாளி, இடத்தைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, ஜோடியில்லாமல் கிடந்த அந்தச் செருப்பைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டான். கவுன்ட்டர் திறந்ததும் எல்லோரும் அவரவர் செருப்பில் வந்து நின்றார்கள். சாவிக்காரர் கட்டையை ஊன்றி வருவதற்குள் அவர் இடம் அடைபட்டுவிட்டது. “உங்க செருப்பு இங்க இல்லையே” என்று கடைசிக்கு அனுப்பினார்கள். எங்களுக்குப் பின்னால் வந்து நின்றார்.

அன்றைய கடைசி டோக்கன் அப்பாவுக்குக் கிடைத்தது. எனக்கு வாயெல்லாம் பல்.

அத்தை திரும்பி வந்தாள். விஷயம் தெரிந்ததும் தொட்டியிலிருந்து செருப்பை எடுத்தாள்.

“ஒத்தையா கெடந்துச்சும்மா. குப்பைன்னு நெனச்சுட்டேன்” என்றான் காவலாளி.

“அவருக்கு அதுதான்டா ஜோடி!”

வரிசை சிரித்தது. சாவிக்காரரும் சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை.

“கடைசி டோக்கன் யாருகிட்ட?”

அப்பாவின் கையில் இருந்ததை அவளே பார்த்துவிட்டாள். முகம் வாடிப்போனது. பிறகு கட்டடம் அதிரக் கத்தினாள்: “அண்ணே! அது உன்னுது இல்ல! அவர் உனக்கு முன்னாடி வந்தவர்!”

“அத்தே, இன்னும் ஒரு வருஷம் அப்பா எப்படி...”

“எங்கண்ணனுக்கு ஒரு சட்டம், மத்தவங்களுக்கு ஒரு சட்டமாடா?”

அப்பா டோக்கனைச் சாவிக்காரரின் கையில் வைத்து அழுத்தினார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. “ஊருக்கு நல்லது செய்றேன்னு சொந்த அண்ணன் தலையிலயே மண்ணள்ளிப் போட்டுட்டாளே! ஒரு வார்த்தையாவது கேட்டிருக்கலாம் இல்ல? உங்களுக்கு அவ சொன்னது கேட்டுச்சா இல்லையா?” என்று அப்பாவின் காதருகே கத்தினேன்.

“ஒரு எழுத்து விடாம கேட்டுச்சு” என்றார் அப்பா. “என் தங்கச்சிடா அவ!”