உப்பில்லாத நாற்பத்தெட்டு நாள்

மரக்காணம் உப்பளத்தில் கூடை நிறைய அள்ளிய உப்பை ஒருத்தி தனியாகத் தலைக்கு ஏற்றிக்கொள்ள முடியாது. எதிரே இன்னொருத்தி நின்று கை கொடுக்கணும். பதினாறு வருஷமாக அமராவதிக்கு யாராவது கை கொடுத்தார்கள். அவளும் யாருக்காவது கொடுத்தாள். 2005 ஆவணியில் ஒரு திங்கட்கிழமை, கூடையை நிரப்பிவிட்டு நிமிர்ந்தால் பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு பேரும் அடுத்த பாத்திக்கு நகர்ந்துவிட்டிருந்தார்கள். கடைசியில் மேஸ்திரி ராஜாங்கமே வந்து, எங்கேயோ பார்த்தபடி தூக்கிவிட்டுப் போனார்.

மூன்று நாள் இப்படியே போனது. நாலாம் நாள் ரேணுகாவை வரப்பில் மடக்கினாள். ஒரே நாளில் அளத்து வேலைக்குச் சேர்ந்தவர்கள் இருவரும்.

"என்னாடி ஆச்சு உங்களுக்கெல்லாம்? நான் என்னா பண்ணேன்?"

"என்னைக் கேக்காதக்கா. உன் கொழுந்தன் வூட்டுல போய்க் கேளு."

"நீ சொல்லுடி."

ரேணுகா குரலை இறக்கினாள். "ஜெயாவுக்கு ரெண்டாந்தடவையும் கலைஞ்சிடுச்சில்ல. வானூர் பக்கம் போய்க் குறி கேட்டாங்களாம். ஒரே வாசல்ல பொழங்குற, புள்ள இல்லாத பொம்பள வச்ச வினைன்னு வந்திருக்குது."

அந்த அடையாளத்துக்கு ஊரில் ஒருத்திதான் இருந்தாள். அமராவதியின் புருஷன் அர்ச்சுனன் பாம்பு கடித்துச் செத்து ஆறு வருஷம். நடுச்சுவருக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் சகாதேவனும் அவன் பெண்டாட்டி ஜெயாவும். சுனாமி வந்து போன மறுமாசம் ஜெயாவுக்கு முதல் கரு கலைந்தபோது, ரத்தத் துணியை அலசிப் போட்டவள் அமராவதிதான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. ஒரு சந்தேகம்தான் வந்தது. ஜெயா முழுகாமல் இருக்கிறாள் என்று சகாதேவன் மிட்டாய் கொண்டுவந்து கொடுத்த அன்றைக்கு, அவளுக்கு வயிறு எரிந்தது நிஜம். சிரித்துக்கொண்டே மிட்டாயை வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இனிக்கவே இல்லை. அந்த எரிச்சலுக்குப் பேர்தான் சூனியமா? தெரியாமலே ஒருத்தி அதைச் செய்துவிட முடியுமா? யாரைக் கேட்பது? எட்டாவது வரைக்கும் படித்தவள். தெருவுக்கு வருகிற கடுதாசியெல்லாம் அவள்தான் வாசித்துக் காட்டுவாள். சூனியம் என்றால் என்ன என்பதையும் எழுத்தில் பார்த்தால்தான் அவள் மனசு ஒப்பும்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். வழியில் பெருமுக்கல் மலை வந்து போனதுகூடத் தெரியவில்லை. திண்டிவனத்தில் பஸ் ஸ்டாண்டை ஒட்டித் தார்ப்பாய் விரித்துப் புத்தகம் விற்கிறவர் கலியபெருமாள். நோட்ஸ், கோலம், சமையல், ஜாதகம் எல்லாம் கலந்து கிடந்தது. அமராவதி கோலப் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் புரட்டிவிட்டுத்தான் வாயைத் திறந்தாள்.

"ஐயா, மாந்திரீகம் இருக்குதுங்களா? புதுசா கத்துக்கறவங்களுக்கு."

அவர் ஏற இறங்கப் பார்த்தார். "வசியமா, வச்சதை எடுக்கறதா?"

"வைக்கிறதுங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். அப்புறம் பின்னாலிருந்து மூன்றை எடுத்துப் போட்டார். "ஒண்ணாங்கிளாஸ், ரெண்டாங்கிளாஸ்னு இதுல கிடையாதும்மா. பார்த்து எடுத்துக்கங்க."

முதலாவது கெட்டி அட்டை. திறந்த இடமெல்லாம் பாட்டு. பத்து வரி படித்தும் ஒரு சொல் பிடிபடவில்லை. இரண்டாவதின் அட்டையில் மண்டையோடு. உள்ளே பக்கத்துக்குப் பக்கம், இன்ன ஊர் இன்னார் குணமானார் என்று கடுதாசிகள். எழுதியவரின் போன் நம்பர் மட்டும் பன்னிரண்டு இடத்தில் இருந்தது. செய்முறை ஒன்றுகூட இல்லை. "இது விளம்பரம்ங்க" என்று திருப்பி வைத்தாள். கலியபெருமாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

மூன்றாவது ஒல்லி, மட்டமான தாள். ஆனால் பள்ளிக்கூடப் பாடம் மாதிரி ஒழுங்காக இருந்தது. வேண்டிய பொருள், நாள் கணக்கு, செய்யக்கூடாதவை. அதையே எடுத்துக்கொண்டாள்.

"பாதியில வுட்டுடாதீங்க, ஆபத்து" என்றார் அவர்.

"ஆரம்பிச்சாத்தானுங்களே வுடறதுக்கு" என்றாள்.

திரும்புகிற பஸ்ஸில், முந்தானைக்குள் வைத்து முழுசும் படித்தாள். கறுப்புப் பட்டு வேணும். பசுநெய் வேணும். செப்புத் தகடு வேணும். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், வேலை வெட்டிக்குப் போகாமல் ஒரே இடத்தில் உட்காரணும். அந்த நாற்பத்தெட்டு நாளும் உப்புச் சேர்க்காத சோறு. உப்பைக் கையால் தொட்டாலே எல்லாம் வீண்.

அந்த வரியை அவள் மறுபடி மறுபடி படித்தாள். உள்ளங்காலில் உப்புத்தண்ணீர் அரித்த வெடிப்பு. நகக்கண்ணில் உப்பு. சோற்றில் இல்லாத நாளிலும் உடம்பில் உப்பு. சூனியக்காரியாக இருப்பதற்கும் ஒரு வசதி வேண்டியிருக்கிறது. கூலிக்காரி நினைத்தாலும் முடியாது. வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. ஜெயாவின் அப்பா, அம்மா வந்திருந்தார்கள். ஊர்ப் பெரியவர் தட்சணாமூர்த்தி, சூடம் ஏற்றி அடித்துச் சத்தியம் பண்ணு என்றார்.

"பண்றேங்க. அதுக்கு முன்னால இதைக் கேளுங்க" என்று அமராவதி புத்தகத்தைப் பிரித்தாள். கடுதாசி வாசிக்கிற அதே குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். மூடிவிட்டுக் கேட்டாள்: "உப்பைத் தொடாத நாப்பத்தெட்டு நாள் எனக்கு ஏதுங்க? மேஸ்திரி நிக்கறாரு. தைலேருந்து நான் வேலைக்கு வராத நாள் எத்தினின்னு அவரையே கேளுங்க."

ராஜாங்கம் தொண்டையைச் செருமினார். "ரெண்டு நாளு. காய்ச்சல்னு."

ஒரு கணம், தான் ஜெயித்துவிட்டதாகவே அவள் நினைத்தாள். எதிரே நின்ற முகங்களைப் பார்த்தபோதுதான் தப்பு நடந்துவிட்டது புரிந்தது. இதுவரைக்கும் அவர்களுக்கு இருந்தது சந்தேகம். இப்போது இருந்தது பயம்.

"புஸ்தகமே வச்சிருக்கா பாரு" என்றாள் ஜெயாவின் அம்மா.

"இது போன வாரம் வாங்கினதும்மா!"

"எதை எப்ப வாங்கினன்னு நாங்க பார்த்தமா?"

ஜெயா எழுந்து வந்தாள். கிட்டே வராமல் தள்ளி நின்று, "அக்கா, என் வயித்தோட வெளையாடாத. உன் கால்ல வுழறேன்" என்று தரையில் விழுந்தாள். குனிந்து தூக்கப் போன அமராவதியின் கையைச் சகாதேவன் தட்டிவிட்டான். சூடம் ஏற்றவே இல்லை. சூனியக்காரி சத்தியத்துக்கு என்ன மதிப்பு என்று யாரோ சொன்னார்கள்.

அன்று சாயங்காலமே புத்தகத்தை அடுப்பில் போட்டாள். அவள் போட்டதை யாரும் பார்க்கவில்லை. அதனால் ஊருக்கு அது எரியவே இல்லை. அளத்தில் பாதிக் கூடையாக அள்ளி, மண்டியிட்டுத் தானே தலைக்கு ஏற்றப் பழகிக்கொண்டாள். மார்கழியில் ஒருநாள் ரேணுகா வந்து வாசலில் நின்றாள். புருஷன் கூனிமேட்டில் எவளோடோ பழகுகிறானாம்.

"அந்தப் புஸ்தகத்துல பிரிக்கறதுக்கு ஏதாச்சும் இருக்குதாக்கா?"

"என் கூடைக்குக் கை குடுக்க உனக்கு ஆகாது, உன் புருஷனைப் பிரிச்சுக் குடுக்க மட்டும் நான் ஆவேனாடி? போ வூட்டுக்கு!"

ரேணுகா போய்விட்டாள். கேட்டதைக் கொடுத்திருந்தால் ஒரு கையாவது கிடைத்திருக்கும் என்று அப்புறம் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளுக்குக் கசந்தது.

மறு வருஷம் புரட்டாசியில் ஜெயா பிள்ளை பெற்றாள். அமராவதி வினையை எடுத்துவிட்டாள் என்றது ஊர். கோயிலில் வைத்து மிரட்டியதில் பயந்து எடுத்துவிட்டாளாம். பத்தாம் நாள் சகாதேவன் வந்தான். தட்டில் வெற்றிலை பாக்கு, ஒரு புடவை. வாசற்படிக்கு வெளியிலேயே வைத்தான்.

"அண்ணி, நடந்ததை மனசுல வச்சிக்காதீங்க. எடுத்துவுட்டீங்களே, அது போதும்."

"நான் எதையும் வைக்கலப்பா. எடுக்கவும் இல்ல."

"சரிங்கண்ணி. அப்படியே இருக்கட்டும்."

சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை சிணுங்கியது.

"பொண்ணா, பையனா?" என்று கேட்டாள்.

சகாதேவன் வாயைத் திறந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். "வர்றேங்கண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வேகமாகப் போய்விட்டான்.

பெண்பிள்ளைதான். தடுப்பூசி போட வந்த நர்ஸ் தெருமுனையில் நின்று சத்தமாகப் பிள்ளைகளின் பேர் வாசித்தபோது, அமராவதி கதவுக்குப் பின்னால் நின்று தெரிந்துகொண்டாள்.