சாம்பல் நிறத்தில் ஒரு மாவட்டம்

ஜெர்மன் பேசும் ஓர்லிகோன் என்ற ஊரில் வரைபடம் தயாரிக்கும் சிறிய அலுவலகம் ஒன்றில் வேலை செய்கிறேன். ஒரு கண்காட்சிக்காக, சீனாவில் எந்தப் பகுதியில் எந்த மதத்தவர் வாழ்கிறார்கள் என்று காட்டும் சுவரளவுப் படம் கேட்டிருந்தார்கள். நிறம் தீட்டுவது என் பொறுப்பு. தரவுகளைச் சேர்த்தவள் பக்கத்து மேசைச் சீனப்பெண். நாங்கள் இருவரும் ஜெர்மனில்தான் பேசிக்கொள்வோம். ஆனால் அந்த அலுவலகத்தில் பேசியதெல்லாம் எனக்கு எங்கள் யாழ்ப்பாணத் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது.

அவள் பயன்படுத்திய ஆய்வில், அவளுடைய சொந்த மாவட்டத்தில் அநேகமாக எல்லோரும் "மதம் இல்லை" என்று பதில் சொல்லியிருந்தார்கள். அதற்கு நாங்கள் வைத்த நிறம் சாம்பல்.

"என்ரை அம்மாவைக் கேட்டாலும் இல்லையெண்டுதான் சொல்லுவா," என்றாள். "மதம் எண்டால் எங்கடை ஆக்களுக்கு ஒரு மடத்திலை போய்ச் சேருறது. ஆனால் செத்துப்போன அப்பாவுக்கு ஒரு கிண்ணம் சோறு வைக்காமல் அவ சாப்பிடமாட்டா. வருசா வருசம் கல்லறையைக் கூட்டித் துடைச்சு, காகிதக் காசு எரிச்சு, அவரோடை கதைச்சிட்டு வருவா. இதுக்கு என்ன நிறம்?"

திறப்பு விழாவுக்கு அந்த அம்மா வரவிருந்தார். கணவர் புதைக்கப்பட்டிருக்கும் ஊரைச் சுவரில் பார்க்கும்போது, அங்கே ஒன்றுமே இல்லை என்று அந்தப் படம் அவருக்குச் சொல்லக்கூடாது. மகளுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

எனக்கு உடனே விளங்கியது. வெள்ளிக்கிழமைகளில் அட்லிஸ்வில் முருகன் கோயிலுக்குப் போகிற நான், கோடையில் ஐன்சீடெல்ன் தேவாலயத்துக் கறுத்த மாதாவுக்கும் மெழுகுதிரி கொளுத்துகிறவள். யாராவது கேட்டால் மட்டும் இந்து என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவேன்.

முன்னோருக்குப் படைப்பீர்களா என்று அதே ஆய்வில் இன்னொரு கேள்வி இருந்தது. அதற்குப் பெரும்பாலானோர் ஆம் என்றிருந்தார்கள். சாம்பலுக்கு மேல் சிவப்புக் கோடுகளை இழுத்தேன். பார்க்க அழகாகவே வந்தது. கண்காட்சிக்காரரும் சம்மதித்தார்கள். ஆனால் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவேண்டுமே. எங்கள் மேலாளர் மறுத்துவிட்டார்.

"ஒரு ஆளுக்கு ஒரு நிறம். கல்லறைக்குப் போறது பண்பாடு, மதம் இல்லை."

"நத்தார்ப் பண்டிகைக்கு மட்டும் தேவாலயம் போற உங்கடை ஆக்களுக்கு என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"அவை தேவாலயத்திலை பேர் பதிஞ்சிருக்கினம். தேவாலய வரி கட்டுகினம்."

வரி கட்டினால் கடவுள் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டில் சொன்னபோது என் கணவர், "உனக்கேன் ஊர் வம்பு? சம்பளம் தாறவன் சொன்னதைச் செய்," என்றார். மறுநாள் கோடுகளை நானே அழித்தேன்.

திறப்பு விழாவுக்கு அம்மா மகளின் குளிர்க்கோட்டுக்குள் மூழ்கியபடி வந்தார். ஆற்றின் மேல் விரலை ஓட்டிப் போய்த் தன் ஊரைக் கண்டுபிடித்தார். நிறத்தைக் காட்டி ஏதோ கேட்டார். அது "மதம் இல்லை" என்று மகள் சொன்னாள். அவர் சரிதான் என்பதுபோலத் தலையாட்டினார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்துப் படத்தின் கீழே தரையில் வைத்து, கைகூப்பி மூன்று முறை குனிந்து, மெல்லிய குரலில் பேசத் தொடங்கினார்.

"என்ன சொல்லுறா?" என்று மகளைக் கேட்டேன்.

"அப்பாவுக்குச் சொல்லுறா, தான் பத்திரமாய் வந்து சேர்ந்திட்டாவாம். யோசிக்க வேண்டாமாம்." பின்னால் மேலாளர் தன் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் அவர் எடுத்த அந்தப் படம் கண்காட்சியின் இணையப் பக்கத்தில் வந்தது. குனிந்த அம்மாவுக்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் அவருடைய மாவட்டம். கீழே மேலாளர் எழுதிக் கொடுத்த வரி: பௌத்தப் பெண் ஒருவர் வழிபடுகிறார்.

மகள் நேரே மேலாளருடைய அறைக்குப் போனாள். நானும் கூடவே போனேன்.

"அம்மா பௌத்த மதம் இல்லை. எழுத முதல் அவவை ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

அவர் சிரித்தார். "கேட்டிருந்தால் மதம் இல்லையெண்டல்லோ சொல்லியிருப்பா. நீங்கள்தானே சொன்னனீங்கள்?"