சிவப்பு மை அடித்த வரி

எங்க அச்சகத்துல பிழை திருத்துறவரை எல்லாரும் 'சிவப்பு மை'ன்னுதான் கூப்பிடுவோம். பெத்தவங்க வெச்ச பேர் அவருக்கே மறந்திருக்கும். முப்பது வருஷமா அதே ஜன்னலோர மேஜை, கையில சிவப்புப் பேனா. ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மனுஷனுக்குச் சோறு இறங்காது. அவர்கிட்ட ஒரு சட்டம் உண்டு. எழுத்துப்பிழைன்னா திருத்தலாம், விஷயத்துல சந்தேகம்னா ஓரத்துல கேள்விக்குறி போட்டு எழுதினவங்களைக் கேக்கணும், நாமளா கை வைக்கக் கூடாது. மெஷின் ஓட்டுற எனக்கே அதை நூறு தடவை ஓதியிருக்கார். எனக்கெதுக்குய்யா இதெல்லாம்னு எரிஞ்சு விழுவேன்.

எங்க ஊர் டீச்சரம்மா ஒருத்தங்க பன்னெண்டு வருஷம் பாடுபட்டு எழுதின புத்தகம் எங்ககிட்ட வந்துச்சு. நாம கும்பிடற சாமிங்க வேத காலத்துல எப்படி இருந்தாங்கன்னு சொல்ற புத்தகம். அப்போ இந்திரனும் அக்னியும்தான் பெரிய கை. விஷ்ணுவுக்குப் பாட்டே கொஞ்சம்தானாம். அடேங்கப்பான்னு வாயைப் பொளந்தேன். வேலை முடியறதுக்குள்ள அந்தம்மாவுக்குப் பார்வை போயிடுச்சு. அச்சுக்கு ஏத்தறதுக்கு முன்னாடி, திருத்தின கடைசி புரூஃபை எழுதினவங்க பார்த்துக் கையெழுத்துப் போடறதுதான் வழக்கம். "சிவப்பு மை பார்த்தா நான் பார்த்த மாதிரி"ன்னு சொல்லிட்டாங்க.

முதல் பிரதி தைச்சு வந்த அன்னிக்கு, டீச்சரம்மாவைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு அவங்க தங்கச்சி அச்சகத்துலயே உக்காந்து சத்தமா படிச்சாங்க. ருத்திரன் அத்தியாயம். இன்னிக்கு நாம சிவனா கும்பிடறவருக்கு மூலம் அந்த ருத்திரன்தானாம்.

"'எங்கள் பிள்ளைகளைக் காப்பாற்று என்று மக்கள் அவனை வேண்டினார்கள்.'"

"நிறுத்துடி! கொன்றுவிடாதே என்று கெஞ்சினார்கள்னுதானே எழுதினேன்? அவனுக்குப் பயந்துதான் 'மங்கலமானவனே'ன்னு குளிர வெச்சாங்க. அந்த அத்தியாயமே அந்த வரிமேலதான் நிக்குது!"

"இங்க அப்படி இல்லக்கா."

புரூஃபைத் தேடி எடுத்தேன். தூக்கிவாரிப் போட்டுச்சு. வரியை அடிச்சு, மேல வேற எழுதியிருந்துச்சு. எழுத்து அவரோடதேதான். ஓரத்துல கேள்விக்குறி இல்லை. வேலியே பயிரை மேயுமா?

"என்னய்யா இது! அந்தம்மா உழைப்புல மண்ணள்ளிப் போட்டுட்டீங்களே!"ன்னு ஜன்னலோர மேஜையைப் பார்த்துக் கத்தினேன்.

டீச்சரம்மா தங்கச்சி கையைப் பிடிச்சுக்கிட்டு அவர் மேஜைகிட்ட வந்தாங்க. "என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்?"

"கேட்டா, ஆமா, அப்படித்தான்னு சொல்லிடுவீங்களேம்மா." அவர் சிவப்புப் பேனாவை மூடி மேஜையில வெச்சார். "என் பொண்ணு மூணு வயசுல காய்ச்சல்ல கிடந்தப்போ, நானும் சிவன்கிட்ட 'கொன்னுடாதே சாமி'ன்னுதான் கதறினேன். கொண்டு போயிட்டார். அவர் காப்பாத்தறவர், நான்தான் எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு நெனச்சு இருபது வருஷமா அவரையே கும்பிட்டுக்கிட்டு இருக்கேன்."

பேயறைஞ்ச மாதிரி நின்னேன். இத்தனை வருஷம் பக்கத்துல நின்னு மெஷின் ஓட்டியிருக்கேன். அவருக்கு ஒரு பொண்ணு இருந்ததே எனக்குத் தெரியாது.

டீச்சரம்மா மேஜையைத் தடவித் தடவி அவர் கையைப் பிடிச்சாங்க.

"அந்தக் காலத்துலயும் யாரோ ஒரு தகப்பன் அதையேதான் கேட்டிருக்கான் சார். அவன் கேட்டது அப்படியே இருக்கட்டும்."

டீச்சரம்மா எழுதின வரியையே போட்டு அந்தப் பக்கங்களை மறுபடி அச்சுக்கு ஏத்தினேன். மை காயாத முதல் தாளை அவர் மேஜையில வெச்சேன். பேனா மூடியைத் திறக்காமலே ரெண்டு தடவை படிச்சார்.

"சரியாத்தான் இருக்கு. ஓட்டு"ன்னார்.