கோ-பைலட் என்றால் கிளீனர்

என் மனைவியின் தம்பி விமானம் ஓட்டக் கற்றுக்கொண்ட மூன்று வருடங்களில், அவன் பறந்த நேரத்தைச் சென்னையில் மணிக்கணக்கில் எழுதினார்கள். அவன் ஊரான கீழ்பென்னாத்தூரில் மூட்டைக் கணக்கில் எழுதினார்கள்.

கணக்கு வைத்தவர் அவனுடைய அண்ணன், என் பெரிய மச்சான். கிணற்றுப் பாசன நிலமும், ஊர்ப்பேச்சில் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலையை ஏற்றிப்போக ஒரு வேனும் அவருக்கு இருந்தன. பயிற்சிக் கட்டணம் மணிக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். அறுவடைப் பணம் போதாமல் இரண்டு ஏக்கரை அடமானம் வைத்தார். தம்பி லீவுக்கு வந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், பெட்டியை வாங்குவதற்கு முன்பே கேட்பார்:

"இந்த மாசம் எத்தன மூட்ட மல்லாட்ட பறந்தே?"

"பதினாறு இருக்கும்ணா."

"மழையில நனையாம பறந்தியா? நனைஞ்சா வெல கம்மி."

நான் திருவண்ணாமலையில் தாலுகா ஆபீஸ் எழுத்தர். தினமும் டயரி எழுதுகிறவன். பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்பது வரை அதில் இருக்கும். சின்ன மச்சினனிடமும் ஒரு நோட்டு இருந்தது. எங்கே ஏறினான், எங்கே இறங்கினான், எத்தனை நிமிடம் என்று எழுதி, பயிற்சி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்குவான். வீட்டில் என்னைப் புரிந்துகொண்ட ஒரே ஆள் அவன்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

என் மகள் பிறந்த அன்று அவன் தன் அக்காவிடம் ஒரு வாக்கு வாங்கியிருந்தான். காது குத்தும்போது குழந்தை அவன் மடியில்தான் உட்கார வேண்டும். எங்கள் பக்கத்தில் சீர்த்தட்டு தூக்கி வருகிற தாய்மாமனுக்குத்தான் அந்த மடி. தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு, இனிப்புத்தட்டு எல்லாம் அவன் கொண்டுவர வேண்டும். "லைசென்ஸ் வரட்டும்க்கா, ஜாம் ஜாம்னு செய்யறேன்" என்றான். லைசென்ஸ் வரும்வரை காது குத்தலைத் தள்ளிப்போட்டோம். பெண்ணுக்கு நாலு வயது ஆகிவிட்டது. குலதெய்வத்துக்கு முடி இறக்கிய நாட்களில், பார்க்கிறவர்கள் "பையன் பேர் என்ன?" என்று கேட்டார்கள்.

லைசென்ஸ் வந்தது. வேலை வரவில்லை. அதில் இன்னொரு சங்கடம், வேலை இல்லாவிட்டாலும் அவ்வப்போது பறந்து காட்டாவிட்டால் லைசென்ஸ் செத்துப்போகும். சும்மா இருப்பதற்கே மூட்டை மூட்டையாகச் செலவானது. பதினோராவது மாதம் வடக்கே ஒரு சின்னக் கம்பெனி அவனைக் கூப்பிட்டது. அந்தக் கடிதத்தை முதலில் என்னிடம்தான் கொண்டுவந்து காட்டினான்.

பதவி: கோ-பைலட். சம்பளத்தைப் பார்த்தேன். கம்பெனி விமானத்தில் பழகுவதற்குத் தனிப் பயிற்சி, அந்தச் செலவை இரண்டு வருடம் மாதாமாதம் பிடித்துக்கொள்வார்கள். பிடித்ததுபோகக் கைக்கு வருவதைக் கூட்டிக் கழித்தேன். என் சம்பளத்தைவிடப் பதினெட்டு ரூபாய் கம்மி.

"மாமா, உங்க ஆபீஸ்ல எதாச்சும் காலி இருக்கா?"

"டைப்ரைட்டிங் லோயர் பாஸ் பண்ணியிருக்கியா?"

"இல்ல."

"அப்ப ஏரோப்ளேனே ஓட்டு."

சிரித்தான். பிறகு கடிதத்தை நாலாக மடித்துக்கொண்டே, "தோடு வாங்கக் கூட முடியாது மாமா. அண்ணனே தட்டு எடுத்துட்டு வரட்டும். பாப்பா அவர் மடியிலயே உக்காரட்டும். அக்காகிட்ட நீங்க சொல்லிடுங்க" என்றான். மடித்த கடிதத்தைப் பிரித்து, மறுபடி மடித்தான்.

நான் மனைவியிடம் சொல்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை பெரிய மச்சான் வந்துவிட்டார். வேன் கிளீனர் பையன் ஊருக்குப் போனவன் திரும்பவில்லை என்று அரைமணி நேரம் திட்டினார். அப்புறம்தான் தம்பிக்கு வந்த வேலையைப் பற்றிக் கேட்டார்.

"மாப்ள, நீங்க எதுவும் கரெக்டா சொல்றவரு. கோ-பைலட்னா இன்னா?"

கேள்வி வந்தால் துல்லியமாகப் பதில் சொல்வது என் வழக்கம். "ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவார். கிளம்புவதற்கு முன்னால் வண்டியைச் சுற்றிவந்து சக்கரம், எண்ணெய் எல்லாம் பார்ப்பார். ஓட்டுகிறவர் சொல்வதைச் செய்வார்" என்றேன். ஒன்றும் தப்பில்லை. 'அவரும் ஓட்டுவார்' என்ற ஒரு வரிதான் விட்டுப்போயிற்று.

மச்சான் ஒவ்வொன்றையும் விரல்விட்டு எண்ணினார்.

"அதாவது, கிளீனர்" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் செருப்பை மாட்டிவிட்டார்.

மறுவாரம் காது குத்தல் பற்றிப் பேச அவர் வீட்டில் எல்லோரும் கூடியிருந்தோம். தம்பி சுவரோரமாக உட்கார்ந்திருந்தான். மச்சான் என் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "தோ பாரும்மா. என் வேன் கிளீனருக்குச் சோறும் பேட்டாவும் ஓனர் நான்தான் தர்றேன். கிளீனர்கிட்டப் போய்ச் சீர் கேக்கறது ஞாயமா? தட்டு நான் எடுத்துட்டு வரேன். மடி அவனுது. நீ வாக்கு குடுத்துட்ட."

தம்பி நிமிர்ந்தான். "கிளீனரா? அண்ணா, நானும் ஓட்டுவேன். பாதி நேரம் நான்தான்..."

"ஓட்டுவியா?" மச்சானின் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப டிரைவர் சம்பளம் வருமில்ல? தட்டு நீயே எடுத்துட்டு வா."

வீடு முழுக்க அவனைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான். என் மகள் அம்மா மடியிலிருந்து இறங்கி அவன் தோளில் ஏறிக்கொண்டிருந்தாள். மூன்று வருடப் படிப்பு, அத்தனை மூட்டை, கழுத்தில் தொங்கும் இந்த ஐந்து வயசுப் பெண்.

"இல்லண்ணா" என்றான். "பக்கத்துலதான் உக்காந்திருப்பேன்."

மூலையிலிருந்து ஒரு பெரியப்பா விடவில்லை. "ஏம்பா, ஏரோப்ளேன் டயர் பஞ்சரானா நீதான் மாத்தணுமா?"

"ஆமாங்க பெரியப்பா. ஸ்டெப்னி றெக்கையில இருக்குது."

காது குத்தல் குலதெய்வக் கோயிலில், ஒரு வெள்ளிக்கிழமை. மச்சான் ஏழு தட்டு கொண்டுவந்தார். அடமானம் மீளாத நேரத்தில் ஏழு ஜாஸ்தி என்று நான் சொன்னதற்கு, "கிளீனர் வூட்டுச் சீருன்னு எவனும் பேசக் கூடாது மாப்ள" என்றார்.

வெள்ளைச் சட்டையில் சின்ன மச்சினன் சம்மணமிட்டு உட்கார்ந்தான். மகளை மடியில் வைத்தோம். பத்தர் கம்பியை எடுத்ததும் அவள் போட்ட கூச்சலில் புளியமரத்துக் காக்கைகள் எழுந்து பறந்தன. அவளைப் பிடித்திருந்த அவன் கைகள் அவளைவிட அதிகமாக நடுங்கின.

பத்தர் கம்பியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "கையை ஆட்டாதீங்க சார். இந்தக் கைய வெச்சிக்கினு ஏரோப்ளேன் எப்படி ஓட்டறீங்க?"

"அவன் எங்க ஓட்டறான்?" என்றார் மச்சான் பின்னாலிருந்து. "பக்கத்துல சும்மா உக்காந்திருக்கான்."

சின்ன மச்சினன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பிறகு குழந்தையின் தலையைத் தன் மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, "ஆமாங்க. நீங்க குத்துங்க" என்றான்.

இரண்டு காதுக்கும் சேர்த்து நாலு நிமிடம் ஆனது. அன்றைய டயரியில் அந்த நாலு நிமிடக் கணக்குக்குக் கீழே, 'கோ-பைலட்: என் விளக்கத்தில் ஒரு வரி குறைவு' என்று எழுதியிருக்கிறேன். மச்சானிடம் அந்த வரியை இன்றுவரை சொல்லவில்லை.