தங்கையிடம் கெடாமல் இருந்த ஜீன்

என் தங்கைக்குப் பிறவியிலேயே தலசீமியா என்ற ரத்த நோய். ஆரம்பப் பள்ளி ஆசிரியையான அவளுக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்ற வேண்டும். டத்தோ கிராமாட் பகுதியிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் காரில் கூட்டிப் போவேன். போன மாதம் பாதி ரத்தம் இறங்கியிருந்தபோது, "அக்கா, நீ லேப்ல அப்படி என்னதான் செய்ற?" என்று கேட்டாள்.

நான் சொன்னேன். கருவில் இருக்கும்போது நம் எல்லோருக்கும் வேறொரு ஜீன்தான் ஹீமோகுளோபின் தயாரிக்க உதவுகிறது. பிறந்த சில மாதங்களில் பல புரதங்கள் ஒன்றுகூடி, செல் அந்த ஜீனைப் படிக்க முடியாதபடி அடக்கிவிடுகின்றன. அடுத்து வேலைக்கு வரவேண்டிய ஜீன்தான் அவளுக்குப் பழுது. பழைய ஜீன் மறுபடி வேலை செய்ய, அந்தப் புரதக் கூட்டத்தை எப்படி விலக்குவது என்றுதான் நாங்கள் தேடுகிறோம்.

"அப்ப அந்தப் பழைய ஜீன் கெட்டுப் போகலையா?"

"இல்ல. முழுசா உன்கிட்டயே இருக்கு. அப்பா அம்மா கொடுத்தது."

அவள் உடனே அம்மாவுக்குப் போன் போட்டாள். தான்தான் மகளுக்கு நோயைக் கொடுத்துவிட்டதாக இத்தனை வருடமும் மருகியவர் அம்மா.

"அம்மா, நீங்க கொடுத்த நல்ல ஜீன் ஒண்ணு என்கிட்ட பத்திரமா இருக்கு லா. மூடி வச்சிருக்கு, அவ்வளவுதான்."

அம்மா நம்பவில்லை. போனை என்னிடம் கொடுக்கச் சொன்னார். "நிஜமாவா? எனக்கு ஆறுதலுக்குச் சொல்றாளா?"

"நிஜம்தான்மா. தினமும் நான் பார்க்கிற வேலையே அதுதான்."

மறுமுனையில் அம்மா அழுவது கேட்டது. தங்கை, ஊசி குத்தாத கையை நீட்டி என் விரல்களை இறுகப் பிடித்துக்கொண்டாள்.