சூரியகாந்தித் தோல்

அக்கம்பக்கத்தில் அவளுக்கு 'ஓசியம்மா' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். நேரில் சொன்னால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பாள். தக்காளி, கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்து விற்பவள். தொழிலில் கெட்டிக்காரி, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சும்மா கிடைக்கிறது என்றால் விஷத்தைக்கூட இரண்டு மூட்டை கேட்பாள்.

மகனுக்குக் கல்யாணமாகி மருமகள் வந்த அதே பருவத்தில்தான் தெருக்கோடி எண்ணெய் மில்லில் சூரியகாந்தி விதை ஆட்ட ஆரம்பித்தார்கள். விதைத் தோல் மில்லுக்குப் பின்னால் குவிந்தது. யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொண்டு போகலாம். ஓசியம்மாவுக்குக் கேட்கவா வேண்டும்? விதைத்த பாத்தியை மூடக் காசு கொடுத்து வாங்கும் வைக்கோலை நிறுத்திவிட்டு, தோலைக் கனமாகப் பரப்பினாள். விதை போடுவதும் பூவாளியால் தண்ணீர் தெளிப்பதும் மருமகள் வேலை.

பாதி விதைகூட முளைக்கவில்லை. முளைத்ததும் மஞ்சளாகச் சுருண்டது. அடுத்த முறை ஓசியம்மா தோலை இன்னும் கனமாகப் போட்டாள். பாத்தி மொட்டையாகக் கிடந்தது.

"இத்தனை வருஷமா என் கையில வராத நாத்தா? இவ கை பட்டுச்சு, எல்லாம் போச்சு. ராசியில்லாத கை."

மருமகள் முதலில் சிரித்தாள். பிறகு விதைக்கும் முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள். பிறகு கரண்டியால் விதை போட்டாள். பாத்தி ஓரத்தில் செண்டுமல்லி நட்டுப் பார்த்தாள். தக்காளிக்குப் பக்கத்தில் அது இருந்தால் வேர்ப்புழு அண்டாது என்று அவள் அம்மா சொல்வாளாம். பொய்யில்லை, அதன் வேரில் கசியும் சாறு அந்தப் புழுவுக்கு ஆகாது.

"நாத்துக்கு வழியில்ல, பூ ஒரு கேடா?" என்று மாமியார் அத்தனையையும் பிடுங்கி எறிந்தாள்.

ஒருநாள் நாற்று வாங்க வந்தவர்கள் எதிரிலேயே பூவாளியைப் பிடுங்கிக்கொண்டு, "இனிமே பாத்திப் பக்கம் உன் நிழல் படக்கூடாது" என்றாள். அதுவரை வாயே திறக்காத மகன், அந்த வாரமே மனைவியோடு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

ஓசியம்மா தன் ராசியான கையாலேயே விதைத்தாள். அப்போதும் ஒன்றும் வரவில்லை. போனவள் வயிறெரிந்து போயிருப்பாள் என்று அதற்கும் அவளையே திட்டிவிட்டு, கூடையோடு மில்லுக்குப் போனாள்.

"இதையா நாத்துக்குப் போடுறீங்க?" என்றார் மில் காவல்காரர். "இங்க பாருங்கம்மா, இந்தக் குவியலைச் சுத்திப் புல்லுகூட முளைக்கல."

எத்தனையோ தடவை அவள் நின்ற இடம்தான். செருப்பில் சேறு ஒட்டாத சுத்தமான தரை என்று சந்தோஷப்பட்டிருக்கிறாள். தோல் நனைந்தால் அதன் சாறு மண்ணில் இறங்கி, பக்கத்தில் முளைக்கும் எதையும் தலைதூக்க விடாது. மற்ற செடிகளிடமிருந்து தன் இடத்தைக் காத்துக்கொள்ள அந்தச் செடிக்குத் தெரிந்த வழி.

தோலை எல்லாம் வழித்துக் கொட்டினாள். மேல்மண்ணைச் சுரண்டி எடுத்துப் புதுமண் போட்டு, வைக்கோல் மூடி விதைத்தாள். நாற்று மளமளவென்று எழும்பி நின்றது. தப்பு தன் பேரில்தான் என்று சொல்லி, திரும்பி வரச் சொல்லிவிடுவது என்று மகனுக்குப் போன் போட்டாள். மருமகள் எடுத்தாள்.

"அத்தை, நாத்து வந்துச்சா?"

"வந்துச்சும்மா. பச்சைப்பசேல்னு நிக்குது."

"அப்ப என் கைதான் அத்தை. இதுவரைக்கும் நான் நம்பவே இல்ல. இவர் ஆசையா ஒரு ரோஜாத் தொட்டி வாங்கிட்டு வந்தாரு. நல்லவேளை, நான் அதைத் தொடல."

தோல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஓசியம்மாவுக்குத் தொண்டைவரை வந்தது.

"சரி," என்றாள். "சாப்பிட்டியா?"