கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த எழுத்து

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். அதை மறைத்துவிட்டு இதை எழுத முடியாது. இரண்டாம் வகுப்பு வந்தும் என் மகளுக்குத் தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்க வரவில்லை என்று தெரிந்த அன்று, கரண்டிக் காம்பால் அவள் முட்டியில் ஒன்று போட்டேன். அதுதான் நான் நடத்திய முதல் பாடம். ‘அ’வைக் காட்டி, “இது இன்னா, சொல்லு” என்பேன். வாயைத் திறப்பாள், சத்தம் வராது. “இன்னாடி, வாயில கொழுக்கட்டையா வெச்சிருக்கே?” என்று அடுத்த அடி விழும். அடிக்க அடிக்க அவளுக்குத் தெரிந்ததும் மறந்துபோனது. எனக்கு இன்னும் வெறி ஏறியது.

அரைப் பரீட்சை முடிந்ததும் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டனுப்பினார். பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே சொன்னார்.

“பொங்கல் லீவு முடிஞ்சதும் நானே படிக்கச் சொல்லிக் கேப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா இங்க வெச்சுக்க முடியாதும்மா. இந்த மாதிரி மூளை வளராத பசங்களுக்குத் தனி ஸ்கூல் இருக்கு. எழுதித் தர்றேன், அங்க சேத்துடுங்க.”

எங்களுக்கு வீடு கொருக்குப்பேட்டையில், ரயில்பாதை ஓரம். கணவர் கன்டெய்னர் லாரி ஓட்டினார், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிசயம். நான் காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனிக்கு விடியற்காலையில் போய், மதியம் திரும்புவேன். பத்தாவது வரை படித்தவள். கடலை மடித்துத் தரும் காகிதத்தைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் போடுவேன். அப்படிப்பட்ட என் வயிற்றில் பிறந்ததற்கு மூளை வளரவில்லையாம். ராத்திரி எல்லாம் தூக்கமில்லாமல் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கம்பெனியில் எடை போடும் அக்கா ஒருத்திதான் வழி சொன்னாள். அவள் தம்பி வெளிநாட்டில் இருந்தான். அவன் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் தமிழ் படிக்கிறார்களாம். வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக யாரோ செய்து இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார்களாம். “படம் வரும், எழுத்து வரும், ஒரு பொம்பள நிதானமா சொல்லிக்குடுக்கும். முக்கியமா, உன்ன மாதிரி கைய ஓங்காது” என்று சிரித்தபடி முகவரியைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். “அது சொல்லிக்கினு இருக்கும்போது நீ நடுவுல பூந்து கலைக்காதே, சொல்லிட்டேன்.”

தெருவுக்குத் தெரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம் அது. வண்ணாரப்பேட்டையில் ஒன்றுக்கு அழைத்துப் போனேன். கண்ணாடிக் கதவு, ஏசி, பலகை வைத்துத் தடுத்த ஆறு அறைகள். உள்ளே நுழைந்ததும் முதல் அறையில் இருந்தவன் கைக்குட்டையை மூக்கில் வைத்தான். இறால் வாடை. எலுமிச்சம்பழம் வைத்துத் தேய்த்தாலும் விரல் இடுக்கை விட்டுப் போகாது. சென்டர்காரர் ஒன்றும் சொல்லவில்லை, நல்ல மனுஷன். ஆனால் எனக்குக் கூசிப்போயிற்று. பிள்ளையைக் கடைசி அறையில் உட்கார வைக்கச் சொல்லி, தாளை அவரிடம் கொடுத்துவிட்டு, வெளியே படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதற்குப் பிறகு வந்த நாட்களிலும் உள்ளே போகவில்லை.

அவர் தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்க வராது. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து, பிள்ளை காதில் ஹெட்போனை மாட்டிவிட்டு வந்துவிடுவார். அரை மணி நேரம். யாராவது கதவைத் திறக்கும்போதெல்லாம் அவள் குரல் வெளியே வரும். “அ... அணில். ஆ... ஆடு.” என் வீட்டில் வராத சத்தம். கேட்கக் கேட்க எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பத்து நாளில் வார்த்தைகள், அதற்குப் பிறகு சின்னச் சின்னக் கதைகள். ஒரு நாள் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, “அம்மா, குழம்பு சூடாக இருக்கிறது” என்றாள். பக்கத்து வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “இன்னாக்கா, உன் வூட்ல டிவி நியூஸ் வாசிக்கிதா?”

வீட்டில் நான் பாடப் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. அக்கா கலைக்காதே என்றது ஒரு சாக்கு. புத்தகத்தைத் தொட்டால் என் கை சும்மா இருக்காது என்ற பயம்தான் உண்மைக் காரணம்.

பொங்கல் முடிந்தது. பதினோரு மணிக்கு வரச் சொன்னார்கள். கம்பெனியில் கெஞ்சிப் பாதியில் கிளம்பி, கட்டிய புடவையோடு ஓடினேன். தலைமையாசிரியை புத்தகத்தைத் திறந்து, “படிம்மா” என்றார். என் மகள் பக்கத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். உதடு அசையவில்லை.

“சரி, படிக்க வேணாம். எழுது. ‘அ’ எழுது பாப்போம்.”

சிலேட்டில் சட்டென்று எழுதினாள், யோசிக்கவே இல்லை. ஆங்கில ‘யு’ போல ஒன்று, அதன் தலையில் இரண்டு புள்ளி. “ஆ?” என்றார். ஆங்கில ‘ஒய்’, அதன் மேல் சாய்வாக ஒரு கோடு. “ஈ?” வால் நீண்ட ‘பி’ போல ஏதோ ஒன்று. தலைமையாசிரியை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“உலகத்துல எங்கயும் இல்லாத எழுத்தும்மா இது. நான்தான் அன்னைக்கே சொன்னேனே. டி.சி. எழுதி வெக்கறேன், நாலு மணிக்குள்ள வந்து வாங்கிக்குங்க.”

வராந்தாவுக்கு வந்ததும் ஓங்கி ஓர் அறை விட்டேன். வகுப்புகள் எல்லாம் திரும்பிப் பார்த்தன. அவள் அழவில்லை. கன்னத்தைக்கூடத் தொடாமல் நின்றாள்.

அந்த ஆத்திரத்தோடு அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டைக்குப் போனேன். கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். வாடையாவது ஒன்றாவது. “இத்தினி நாளா இன்னாய்யா காட்டினே என் புள்ளைக்கு?” என்று கத்தினேன். மனுஷன் பதறிப்போனார்.

“யம்மா, நீ குடுத்த அட்ரஸ்தாம்மா. வா, நீயே பாரு.”

பக்கம் திறந்தது. நடுவில் ஒரு சின்னப் பெட்டி வந்து ஏதோ கேட்டது. அவர் விரல் பழக்கத்தில் அதைத் தட்டி மூடியது.

“அது இன்னாது?”

“ஏதோ தமிழ் ஃபான்ட் இறக்கணும்னு டெய்லி கேக்கும்மா. கண்டதையும் இறக்கினா வைரஸ் வந்துடும். கேன்சல் அடிச்சிடுவேன். அதான் படம் வருதே, சவுண்டு வருதே.”

திரையில் அழகாக ஓர் அணில். அதன் கீழே, பெரிதாக, ‘யு’ தலையில் இரண்டு புள்ளி.

ஹெட்போனைப் பிடுங்கினார். ஸ்பீக்கரில் அந்தப் பெண் குரல் நிதானமாகச் சொன்னது: “அ... அணில்.” அடுத்த பக்கத்தில் ஆடு, கீழே கோடு போட்ட ‘ஒய்’. அந்த ஃபான்ட் இல்லாததால் தமிழ் எழுத்தெல்லாம் வேறு உருவத்தில் வந்திருந்தது. அவள் கிறுக்கவில்லை. காட்டியதை அப்படியே எழுதியிருந்தாள்.

படமே இல்லாத ஒரு கதைப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். குரலை நிறுத்தச் சொன்னேன். பக்கம் முழுக்கக் கொம்பும் புள்ளியும் வாலுமாக இருந்தது. நடுவில் ஒரு வரியில் விரலை வைத்து, “இது இன்னா?” என்றேன்.

“ஆற்றங்கரையில் ஒரு மரம் இருந்தது,” என்று வாசித்தாள். வேறு வரியைக் காட்டினேன், வாசித்தாள். பின்னாலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் காட்டினேன். தடுமாறி, தப்பாகச் சொல்லி, தானே திருத்திக்கொண்டு வாசித்தாள். பத்தாவது படித்த எனக்கு அங்கே ஓர் எழுத்தும் புரியவில்லை. மூளை வளராத பிள்ளை முழுப் பக்கத்தையும் படித்தது.

அந்தப் பக்கத்தை அப்படியே பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். பிறகு அந்தப் பெட்டிக்கு ‘சரி’ கொடுக்கச் சொன்னேன். அந்த ஃபான்ட் இறங்கி முடிவதற்குள் என் உயிர் போய்வந்தது. கடைசியில் அதே பக்கம் நல்ல தமிழில் வந்தது. அதையும் எடுத்துக்கொண்டு ஓடினோம். மணி மூன்றரை.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டிருந்தது, பள்ளிக்கூடம் அந்தப் பக்கம். கூட்ஸ் வண்டி பாதையை அடைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. சைக்கிள்காரர்கள்கூடப் பெட்டிக்கு அடியில் புகுந்து போனார்கள். நானும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டேன். “ஏம்மா, வண்டி எடுத்துட்டான்னா புள்ளைய பொறுக்கத்தான் முடியும்!” என்று பின்னால் ஒருத்தி கத்தினாள். அவள் சொல்லி முடிக்கவில்லை, பெட்டிகள் தடதடவென்று இழுபட்டன. பிள்ளையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அந்த வண்டி போகும் வரை பிள்ளையின் மணிக்கட்டை விடவே இல்லை.

தலைமையாசிரியை பீரோவைப் பூட்டிக்கொண்டிருந்தார். மேஜையில் கையெழுத்துப் போட்ட டி.சி. இருந்தது. இரண்டு தாளையும் அதன் மேல் வைத்து, மூச்சுவாங்க எதையோ முன்னும் பின்னுமாகச் சொன்னேன். அவருக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, நல்ல தமிழில் இருந்த தாளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு, மற்றதை என் மகளிடம் நீட்டினார்.

அவள் வாசித்தாள். அவர் தன் தாளில் வரிவரியாக விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். பாதிப் பக்கத்தில் விரல் நின்றுவிட்டது. பிறகு இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

“இங்க பாரு கண்ணு. உன் எழுத்து இதுதானே? அதுதான் இங்க இப்படி இருக்கு.”

அவள் அதைப் பார்த்தாள், இதைப் பார்த்தாள். “அப்போ இதுதான் ‘அ’வா?” என்றாள். ஐந்தாறு எழுத்தை அங்கேயே ஜோடி சேர்த்துவிட்டாள். தலைமையாசிரியை டி.சி.யை நாலாகக் கிழித்தார். “நாளைக்கு நேரத்தோட அனுப்புங்க” என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வாசலுக்கு வந்தோம். எனக்கு இன்னும் ஒன்று பிடிபடவில்லை.

“பொஸ்தகத்துல வேற எழுத்து கீதுன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏண்டி சொல்லல?”

என் கையையே பார்த்தாள்.

“சொன்னா நீ பொஸ்தகத்த எடுப்பே. கம்ப்யூட்டருக்குப் போனதுலேர்ந்து இன்னிக்குக் காலையில வரிக்கும் நீ என்ன அடிக்கவே இல்லம்மா.”

பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எங்களைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் நடுவில் நின்று அழுதேன். கிட்டே வா என்று கையை நீட்டினேன். அவள் ஓர் எட்டு பின்னால் போய் நின்றுகொண்டாள்.